மரச்சுரைக்குக் கீழே ஒரு பெஞ்சு

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் அண்ணாந்து பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒரே ஆள் பூச்சிதான். மற்ற எல்லோரும் குனிந்து பார்ப்பவர்கள். டாக்டர்கள் குனிந்து கண்ணைப் பார்ப்பார்கள், நர்சுகள் குனிந்து சீட்டைப் பார்ப்பார்கள். நோயாளிகளைக் கேட்கவே வேண்டாம். ஒரு கண்ணில் கட்டும் மறு கண்ணில் மருந்துமாக முற்றத்து மரத்தடிப் பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அது பூச்சிக்குத் தெரியும்.

பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுகிறாள் என்று யாரோ அவளை வாயில்லாப்பூச்சி என்றார்கள். நாளடைவில் வாய் உதிர்ந்து பூச்சி மட்டும் நின்றுவிட்டது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. ஆறாம் வகுப்பில் ஒருநாள் டீச்சர் எழுந்து பாடம் ஒப்பிக்கச் சொன்னார். அவளுக்குப் பாடம் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் எழுந்து நின்றதும் தொண்டையை யாரோ கயிற்றால் இறுக்கிப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பீரியட் நின்றாள். மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. அதோடு படிப்பு முடிந்தது. செடிகொடி அவளை எதையும் ஒப்பிக்கச் சொன்னதில்லை. அதனால் தோட்ட வேலை அவளுக்குப் பொருந்திப்போனது.

மரம் அவள் போட்டது. அவள் சேர்ந்து இரண்டு வருஷம் ஆனபோது, ஆப்பிரிக்காவிலிருந்து பயிற்சிக்கு வந்த டாக்டர் ஒருவர் தங்கள் ஊர் அதிசயம் என்று ஒரு காயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். தின்ன முடியாத காய். முழங்கை நீளம், தொடைக் கனம், மேலே சாம்பல் பூத்த தோல். ஆபீஸ் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க அதை ஒரு வருஷம் முட்டுக் கொடுத்திருந்தார்கள். வெள்ளையடித்தபோது குப்பையில் போட்டார்கள். பூச்சி எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு மதியம் முழுக்கக் கைக்கோடாலியால் கொத்திப் பிளந்தாள். உள்ளே நார் நாராகச் சதை, நாருக்குள் விதை. ஊறவைத்து, வெட்டிய குளுக்கோஸ் பாட்டில்களில் பதினோரு விதை போட்டாள். முளைத்தது இரண்டு. அதில் ஒன்றை ஆடு கடித்துவிட்டது. மிஞ்சிய ஒன்றை முற்றத்தின் நடுவில் நட்டாள். ஏசி மிஷின்கள் சொட்டுகிற தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து ஊற்றினாள். வளர வளர வேண்டாத கிளையைக் கழித்தாள், கறையான் ஏறிய பட்டையைச் சுரண்டி மருந்து பூசினாள். மரச்சுரை என்று அதற்கு எல்லோரும் பேர் சொல்லத் தொடங்கியபோது அது மாடி உயரம் போயிருந்தது.

எட்டாவது வருஷம் பூத்தது. பூ கிளையில் ஒட்டி இருக்காது. கிளையிலிருந்து கயிறு கயிறாகக் காம்பு இறங்கும், ஆள் உயரத்துக்கும் மேல் நீளம், அதன் நுனியில் ஈரல் நிறத்தில் பெரிய பெரிய பூ. ராத்திரி விரியும், விடிந்ததும் பொத்தென்று விழும். அதன் நாற்றத்துக்கு வௌவால் வரும். வௌவால் வந்து போன பூக்களில் சிலது காயாகும். காயும் அந்தக் கயிற்றிலேயே தொங்கிக்கொண்டு பெருக்கும். முற்றிய காய் ஒரு வயதுக் குழந்தை கனம் இருக்கும். எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் காய் பெரிய டாக்டரின் காரின் மேல் விழுந்தது. காருக்குள் யாரும் இல்லை. கூரை உள்வாங்கி, கண்ணாடி தெறித்துக் கிடந்தது. பெரிய டாக்டர் என்பது ஆஸ்பத்திரித் தலைவர். அதிர்ந்து பேசாத மனுஷர், ஆனால் சொன்னால் சொன்னதுதான். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் பூச்சியிடம் சொன்னார்:

"கார் போனாப் போகுது. மனுஷத் தலையில ஒண்ணு விழுந்துது, அன்னைக்கே மரத்தை வெட்டிடுவேன். பார்த்துக்க."

அன்றிலிருந்து பூச்சி பார்த்துக்கொண்டாள். பிஞ்சு விட்டதும் ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு காம்பிலும் ஒரு துண்டுக் கட்டுத்துணி முடிவாள். முதல் இரண்டு மாதத்தில் பிடித்த பிஞ்சுக்கு வெறும் வெள்ளை, அடுத்த இரண்டு மாதத்துக்கு அயோடினில் முக்கியது, கடைசிக்கு ஊதா மருந்தில் முக்கியது. துணியின் நிறத்தைப் பார்த்தால் காய்க்கு எத்தனை மாதம் என்று தெரியும். ஆறு மாதம் ஆனதும், அது விழுவதற்கு முந்திக்கொண்டு, இவளும் ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியனும் கயிறு கட்டி அறுத்து இறக்கிவிடுவார்கள். எலக்ட்ரீஷியனிடம்தான் பெரிய ஏணி இருந்தது. அதனால் அவரை ஏணிக்காரர் என்பார்கள். பதினாலு வருஷம் ஒரு காய்கூடத் தானாக விழவில்லை.

இதில் அவளுக்கு இருந்த ஒரே தொல்லை மழை. மழை பெய்தால் அயோடினும் வெளுக்கும், ஊதாவும் வெளுக்கும், துணியும் இற்றுப்போகும். எல்லாம் ஒரே அழுக்கு நிறமாகத் தொங்கும். இந்த வருஷம் பெரிய சிஸ்டர், அதாவது தலைமை நர்ஸ், பழைய ஸ்டோர் ரூமை ஒழித்தபோது ஒரு டப்பா நிறைய டேக் கிடைத்தது. நோயாளியின் மணிக்கட்டில் பேரெழுதி மாட்டுகிற பிளாஸ்டிக் பட்டை. புது மாதிரி வந்துவிட்டதால் இது யாருக்கும் வேண்டாம். வெள்ளை, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம். மழைக்கு அழியாது, இற்றுப்போகாது. ஒரு தரம் 'க்ளிக்' என்று பூட்டினால் கத்தரிக்கோல் போட்டால்தான் விடும். பூச்சிக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

"கையில மாட்டும்போது ரெண்டு விரல் இடம் விட்டு மாட்டுவோம், பூச்சி" என்று சொல்லித்தான் பெரிய சிஸ்டர் டப்பாவைக் கொடுத்தார். மனுஷக் கைக்கு ரத்த ஓட்டம் இருக்கிறது, இடம் விட வேண்டும், காம்புக்கு என்ன என்று பூச்சி நினைத்துக்கொண்டாள். தளர்வாகப் போட்டால் வழுக்கிக் காயின் தலையில் போய் உட்கார்ந்துவிடும், கீழிருந்து தெரியாது. நன்றாக இறுக்கி, காயின் கழுத்துக்கு ஒரு சாண் மேலே, நாற்பத்திரண்டு காம்புக்கும் நம்பர் எழுதி நாற்பத்திரண்டு டேக் பூட்டினாள். அப்போது காம்புகள் சுண்டுவிரல் பருமன் இருந்தன.

ஐந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் துடைப்பத்தோடு முற்றத்துக்கு வந்தபோது, மூன்றாம் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு காய் ஈர மண்ணில் பாதி புதைந்து கிடந்தது.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது, யாரோ பறித்துப் போட்டிருக்கிறார்கள் என்று. புரட்டிப் பார்த்தாள். காயின் தலையில் ஒரு சாண் காம்பு ஒட்டியிருந்தது. அதன் நுனியில் மஞ்சள் டேக். கத்தி பட்ட இடம் இல்லை. டேக் இருந்த இடத்தில் காம்பு இரண்டு பக்கமும் புடைத்து, நடுவில் பென்சில் கனத்துக்கு ஒடுங்கி, கறுத்து அழுகி இருந்தது. அங்கேதான் முறிந்திருந்தது. கட்டைவிரல் பருமனுக்கு வளர வேண்டிய காம்பை அந்தப் பட்டை வளரவே விடவில்லை.

காய் கையிலிருந்து நழுவியது. மெல்லத் தலையைத் தூக்கினாள். இலைகளுக்கு நடுவே வெள்ளையும் மஞ்சளும் பச்சையுமாக அவள் பூட்டிய டேக்குகள். மீதி நாற்பத்தொன்று. எந்தெந்தக் காய் பத்திரம் என்று தெரிந்துகொள்ளத்தான் அவற்றைப் போட்டாள். இப்போது ஒன்றுகூடப் பத்திரம் இல்லை.

ஏழரைக்கு நோயாளிகள் வந்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நாள், கூட்டம் அதிகம்.

அவள் முதலில் செய்தது அவளுக்கே பிடிக்காத காரியம். விழுந்த காயைச் சருகுக் குவியலுக்குள் தள்ளி மூடினாள். மூடிய பிறகு, ஏன் மூடினோம் என்று நின்று யோசித்தாள். சொன்னால் மரம் போய்விடும். மரத்தின்மேல் ஒரு குற்றமும் இல்லை, குற்றம் எல்லாம் இவள் கை செய்தது. அதைத்தான் சொல்ல வேண்டும். நினைத்தபோதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஏணிக்காரரைத் தேடிப் போனாள். ஜெனரேட்டர் அறையில் எண்ணெய்க் கையோடு இருந்தார். ஆபரேஷன் நேரத்தில் கரண்ட் போனால் என் தோலை உரித்துவிடுவார்கள், பதினொரு மணிக்கு மேல் வருகிறேன் என்றார். ஏணியை மட்டும் கொடுங்கள் என்று கேட்க நினைத்தாள். அது அவராலும் தனியாகத் தூக்க முடியாத ஏணி. இரண்டு பேர் வேண்டும். திரும்பி வந்தாள்.

பெரிய சிஸ்டரின் அறை வாசலில் போய் நின்றாள். உள்ளே அவர் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, ஆபரேஷன் பட்டியலில் பேர் அடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "என்ன பூச்சி?" என்றார்.

"ஒண்ணுமில்லே சிஸ்டர்."

அவர் மறுபடி பட்டியலுக்குக் குனிந்துவிட்டார். பூச்சி நடையில் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். வாய் வரை வந்த சொல், வெளியே வருவதற்குள் வேறு சொல்லாகிவிடுகிறது. அவள் பிழைப்பு முழுக்க இப்படித்தான்.

ஆகவே தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். ஹோஸ் பைப்பைத் திறந்து ஆறு பெஞ்சையும் நனைத்தாள், தரையையும் சேறாக்கினாள். வந்தவர்கள் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார்கள். மரத்தைச் சுற்றிக் கொடிக்கயிறு கட்டினாள். ஸ்ட்ரெச்சர் போகிற வழியை மறிக்காதே அம்மா என்று வாட்ச்மேன் அவிழ்த்துச் சுருட்டிக் கையில் கொடுத்தார். இன்னொரு தடவை ஹோஸைத் திறந்தாள். கட்டுப் போட்ட ஒரு பெண்மணிமேல் சாரல் பட்டு, இந்த ஆஸ்பத்திரியில் நோயாளியைக் குளிப்பாட்டுவதும் உண்டா என்று அந்த அம்மாள் சத்தம் போட்டதும் நாலு பேர் சிரித்தார்கள். பூச்சி பைப்பை மூடினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முற்றத்தில் வேறு எங்கும் நிழல் இல்லை. அந்த நிழலைச் செய்து கொடுத்ததும் அவள்தான்.

மணி எட்டரைக்கு முப்பது பேர் மரத்தடியில் இருந்தார்கள். பூச்சி ஓரமாக நின்று ஒவ்வொரு தலையாகப் பார்த்து, அதற்கு நேர் மேலே பார்த்தாள். இந்தத் தலைக்கு மேல் வெறும் இலை. இந்தத் தலைக்கு மேல் ஒன்பதாம் நம்பர். இந்தத் தலைக்கு மேல் ஒன்றுமில்லை, ஆனால் அந்த அம்மாள் கொஞ்சம் நகர்ந்தால் இருபத்துமூன்று. டேக்கில் எழுதிய நம்பர்கள் அவளுக்கு மனப்பாடம்.

நாலாம் பெஞ்சில், பதினேழாம் நம்பருக்கு நேர் கீழே, பெரியவர் ஒருவர் தனியாக இருந்தார். ஒரு கண் பல வருஷமாகத் தெரியாது, மறு கண்ணில் புதுக் கட்டு. உலகமே இருட்டு அவருக்கு. ரிட்டையரான பஸ் கண்டக்டர். அதை அங்கே இருந்த எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தார். மகள் மாத்திரை வாங்க வரிசைக்குப் போயிருந்தாள்.

காற்று இல்லை. ஓர் இலை அசையவில்லை. ஆனால் பதினேழாம் காய் மட்டும், யாரோ கைவைத்துத் திருப்புவது போல, மெதுவாகச் சுழன்றது. அரைச் சுற்றுப் போய் நின்றது. கொஞ்சம் தாழ்ந்து, எதிர்ப்பக்கம் சுழன்றது. டேக்குக்குச் சற்று மேலே காம்பு வாய் பிளந்து வெள்ளை நார் தெரிந்தது.

பூச்சி ஓடினாள். ஓடிய வேகத்தில் பெரியவரை இழுத்துவிட்டிருக்கலாம். பிறகு பல நாள் அதை யோசித்திருக்கிறாள். ஆனால் புதிதாக ஆபரேஷன் ஆன கண். இழுத்து, தடுமாறி, முகம் இடித்தால் அந்தக் கண்ணும் போய்விடும். அதனால் செருப்பை உதறிவிட்டு அவர் பக்கத்தில் பெஞ்சின்மேல் ஏறினாள். எட்டிப் பிடித்தால் காயின் இடுப்பு வரை கைக்கு வந்தது. இரண்டு கையாலும் அணைத்து, மார்போடு சேர்த்து, மேலே தாங்கினாள்.

பெரியவருக்குப் பெஞ்சு ஆடியது தெரிந்தது.

"யாரும்மா அது? உள்ளே இடம் காலியா இருக்கே, ஏன் படியில நிக்கிறீங்க? உட்காருங்க."

"ஐயா, எழுந்திரிங்க" என்றாள். அவள் காதுக்கே கேட்கவில்லை.

"என்னது?"

"மேலே காய்."

"காயா? வேணாம்மா. கடிச்சு மெல்றது எதுவும் ரெண்டு நாளைக்குக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"ஐயா, கொஞ்சம் நகருங்க."

"நகரக் கூடாதும்மா. இந்த இடத்தை விட்டு அசையாதேன்னு பொண்ணு சொல்லிட்டுப் போயிருக்கு. அசைஞ்சா என்னைக் காணோம்னு ஊரையே கூட்டிடும்."

அவர் சொல்லி முடிக்கையில், அவள் காதுக்கு மேலே நூல் அறுவது போல ஒரு சத்தம். கனம் கொஞ்சம் கூடியது. இன்னொரு நூல். இன்னும் கொஞ்சம் கூடியது. தோளிலிருந்து விரல் நுனி வரை சூடு பரவியது. விட்டால் நேராக அந்த வழுக்கைத் தலையில்தான். வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. சுற்றிலும் முப்பது பேர். அவளைப் பார்க்கக் கண் இருந்தவர்கள், தோட்டக்காரி காய் பறிக்கிறாள் என்று நினைத்தார்கள்.

தொண்டையில் ஆறாம் வகுப்பிலிருந்து கிடந்த அந்தக் கயிறு இறுகியது. மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. அப்புறம் அது எப்படி நடந்தது என்று அவளால் சொல்ல முடியாது. அவள் கத்தினாள். முதலில் வந்தது சொல் இல்லை, வெறும் சத்தம். அதற்குப் பின்னால் சொல் வந்தது.

"எழுந்திரிங்க! எல்லாரும் மரத்தை விட்டு வெளியே போங்க! சிஸ்டர்!"

இருபத்துநாலு வருஷத்தில் அந்தக் குரலை அங்கே யாரும் கேட்டதில்லை. அடுத்த பெஞ்சில் இருந்தவர் பாய்ந்து வந்து கண்டக்டரின் தோளைப் பிடித்துத் தூக்கி நகர்த்தினார். அதே நேரம் மிச்ச நாரும் அறுந்தது. முழுக் கனமும் பூச்சியின் மார்பில் இறங்கியது. முழங்கால் மடிய, காயைக் கட்டிக்கொண்டு, கண்டக்டர் இருந்த இடத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தாள்.

"உட்கார்ந்துட்டீங்களா, நல்லது" என்றார் நாலடி தள்ளி நின்ற கண்டக்டர்.

கூட்டம் கூடியது. பெரிய சிஸ்டர் ஓடி வந்தார். கண்டக்டரின் மகள் மாத்திரைக் கவரோடு வந்து, நடந்ததைக் கேட்டு, பூச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆளாளுக்குப் பேசினார்கள். அந்த அம்மா மட்டும் பார்க்கவில்லை என்றால் என்ன ஆகியிருக்கும், தெய்வம் மாதிரி வந்தாள், கைக்குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடித்தாள். சத்தம் கேட்டுப் பெரிய டாக்டரே ஆபரேஷன் தொப்பியோடு வராந்தாவுக்கு வந்து, "சபாஷ்மா" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை யாரும் வாங்கியதில்லை.

அந்த நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பதினொரு மணிக்கு ஏணிக்காரர் வருவார், சத்தமில்லாமல் எல்லாவற்றையும் இறக்கிவிடலாம், டேக்குகளைக் கத்தரித்து அடுப்பில் போட்டுவிடலாம். அவள் அப்படித்தான் நினைத்தாள். பொய்கூடச் சொல்லத் தேவையில்லை, தற்செயலாக ஒரே ஒரு காய் அறுந்தது என்று அவர்கள் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தார்கள்.

ஆனால் கூட்டம் கலையத் தொடங்கியதும் வெயில் பொறுக்காத இரண்டு பேர் திரும்ப மரத்தடிக்குப் போனார்கள். விழ வேண்டியது விழுந்தாச்சே, இனி என்ன என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே, செய்தித்தாளைத் தட்டிப் போட்டு உட்கார்ந்தாள். இருபத்துமூன்றாம் நம்பருக்கு நேர் கீழே.

"உட்காராதீங்க" என்றாள் பூச்சி. இந்தத் தடவை சத்தம் முதலிலேயே வந்தது. மடியில் காயை வைத்துக்கொண்டே பெரிய டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்: "ஐயா, இன்னும் நாற்பது இருக்கு. எல்லாம் இதே மாதிரிதான் அறுந்துக்கிட்டு நிக்குது."

"எப்படித் தெரியும்?"

"நான்தான் கட்டினேன்." காம்பைத் தூக்கிக் காட்டினாள். "இந்த டேக்கை இறுக்கிப் போட்டுட்டேன். காம்பு பெருக்க இடம் இல்லாம அழுகிப் போச்சு. காலையிலேயே ஒண்ணு விழுந்துது. சருகுக்குள்ளே மறைச்சு வச்சிருக்கேன்."

கண்டக்டரின் மகள் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். அது பூச்சிக்குத் தெரிந்தது. பெரிய சிஸ்டர் டேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தான் கொடுத்த டேக் என்று அவர் முகம் சொன்னது.

பெரிய டாக்டர் வராந்தாவிலிருந்து இறங்கி மரத்தடி வரை வந்தார். அண்ணாந்து பார்த்தார். எத்தனை வருஷமாக அதன் பக்கமாகப் போய் வந்தவர், அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்த மாதிரி பார்த்தார். பார்த்துவிட்டு, இரண்டடி பின்னால் வந்தார்.

"ஆறு மணிக்குத் தெரிஞ்சிருக்கு. ஒன்பது வரைக்கும் ஏன் சொல்லலே?"

"மரத்தை வெட்டிடுவீங்கன்னு பயந்துட்டேன்யா."

அவர் நோயாளிகளை எல்லாம் மாடி வார்டு நடைக்கு மாற்றச் சொன்னார். ஜெனரேட்டரை வேறு யாராவது பார்க்கட்டும், ஏணி உடனே வரவேண்டும் என்றார்.

சாயங்காலம் வரை இறக்கினார்கள். ஏணிக்காரர் தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு, எனக்குக் கல்யாணமாகி மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் பூச்சி, எந்த நம்பர் மோசம் என்று முன்னாலேயே சொல்லிவிடு என்றார். அவள் கீழே நின்று கூவினாள். காம்பில் கயிற்றைக் கட்டி அறுத்து இறக்குவது வழக்கம். இன்றைக்கு அது ஆகாது, காயின் இடுப்பில் தூளி மாதிரி வலைபோட்டு, அப்புறம்தான் அறுக்க வேண்டும். நாலு காய் வலை போடும்போதே கையோடு வந்துவிட்டது. இரண்டு காய் ஏணி ஆடிய ஆட்டத்தில் விழுந்தன. ஒன்று அவள் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி. மண் சிதறிக் காலில் அடித்தது. அவள் நகரவில்லை, அடுத்த நம்பரைக் கூவினாள். ஒவ்வொரு டேக்காகக் கத்தரித்து டப்பாவில் போட்டாள். நாற்பத்திரண்டு சேர்ந்ததும் இரண்டு தரம் எண்ணினாள். சரியாக இருந்தது. சரியாக இருந்தும், இலை மறைவில் ஒன்று இருக்குமோ என்று மூன்றாம் தரம் எண்ணினாள்.

மூன்று நாள் ஒரு செய்தியும் இல்லை. மரம் அறுக்கிற ஆட்கள் இரண்டு பேர் வந்து, கையைக் கட்டிக்கொண்டு அடிமரத்தைச் சுற்றி வந்து, ஏதோ பேசிவிட்டுப் போனார்கள். பூச்சிக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் அவளும் அவள் நாத்தனாரும்தான். புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். நாத்தனார் ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை தைப்பவள், வாயும் மிஷினும் ஒரே வேகத்தில் ஓடும். ஒரு மரத்துக்காக மூன்று நாள் பட்டினி கிடப்பவளை இப்போதுதான் பார்க்கிறேன், என் தம்பி லாரியோடு கவிழ்ந்தால்கூட நீ இரண்டு வாய் சாப்பிடுவாய் என்றாள். சொல்லிவிட்டு, தட்டைப் பக்கத்திலேயே மூடி வைத்துவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பெரிய டாக்டர் மேஜையில் ஒரு தாள் இருந்தது. பெரிய சிஸ்டரும் நின்றுகொண்டிருந்தார். டேக் கொடுத்தது தான்தான் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார் என்பது பூச்சிக்குப் பிறகுதான் தெரிந்தது. தாளைப் படித்துப் பார் என்றார் பெரிய டாக்டர். பூச்சி எழுத்துக் கூட்டிப் படித்தாள். மரம் இருக்கும். பெஞ்சுகள் கட்டடத்தின் மறுபக்கம் தகரக் கூரைக்குக் கீழே போகும். மரத்தைச் சுற்றிக் கம்பிவேலி வரும். இனிமேல் காய் பிடிக்கக் கூடாது. பூக்காம்பு இறங்க இறங்க அன்றன்றைக்கே அறுத்துவிட வேண்டும். கடைசி வரியில், தவறிப்போய் ஒரு காய் பிடித்து அதனால் யாருக்காவது தீங்கு நேர்ந்தால் தோட்டப் பணியாளரே முழுப் பொறுப்பு என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு.

"இஷ்டமில்லேன்னா போட வேண்டாம்" என்றார் பெரிய டாக்டர். "ஆளுங்க நாளைக்கு வருவாங்க. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. ரோஜாப் பாத்தி போட்டுக்கலாம்."

பூச்சி அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தாள். மரத்தில் எத்தனை கிளை, கிளைக்கு எத்தனை காம்பு, எத்தனை நாள் காய்ச்சலில் படுப்போம், எத்தனை காம்பு இலை மறைவில் இறங்கும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. பேனாவைக் கேட்டு வாங்கி, சம்பளப் பட்டியலில் போடுகிற அதே பேரை, கோட்டுக்கு மேலே, கோணல்மாணலாக எழுதினாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது நாத்தனார் தையல் மிஷினை நிறுத்தினாள். அது நின்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"உனக்குப் பைத்தியமா? ரோஜாப் பாத்தி போடச் சொன்னாரே, நிம்மதியா இருந்திருக்கலாமே."

"போடலேன்னா நாளைக்கு வெட்டிடுவாங்க அண்ணி."

"ரிட்டையராக இன்னும் ஒன்பது வருஷம் இருக்கு. ஒன்பது வருஷமும் இப்படியே செத்துச் செத்துப் பிழைக்கப்போறியா?"

"ஆமா" என்றாள் பூச்சி.

திட்டுவதற்கு இன்னும் நாலைந்து சொல் நாத்தனாரிடம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. அதற்குப் பதிலாக எழுந்து போய் அலாரம் கடிகாரத்தை எடுத்து வந்தாள்.

"எத்தனை மணிக்கு வைக்கணும்?"

பூச்சி யோசித்தாள். ஆறு மணிக்குப் போய்ப் பழக்கம். ராத்திரி விரிந்த பூ விடிந்ததும் விழும், விழுந்த பூவின் காம்பில் பிஞ்சு பிடித்துவிட்டதா என்று பார்க்க வேண்டும், துரட்டியைத் தீட்ட வேண்டும்.

"நாலரைக்கு வைங்க" என்றாள். நாத்தனார் முள்ளைத் திருப்பித் தலைமாட்டில் வைத்தாள். படுத்த பிறகு பூச்சி கையை நீட்டி, அது சரியாகத்தான் இருக்கிறதா என்று பார்த்து, முள்ளை இன்னும் கால் மணி முன்னால் தள்ளினாள்.